நாற்பத்தேழாவது கை

எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் நூற்றுப் பன்னிரண்டு கைகள் பதித்திருக்கிறார்கள். சுட்ட மண் பலகை, அதன்மேல் மெருகு, ஒவ்வொன்றிலும் ஒரு நடிகரின் வலது கை, கீழே பெயர். அவற்றில் நூற்றுப் பதினொன்று சரியான கைகள். நாற்பத்தேழாவது பலகையில் எலியான் வோக்ளேர் என்று எழுதியிருக்கிறது. கை மட்டும் அந்த அம்மாளுடையது அல்ல. கடற்கரைக் குளியலறைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒனொரினுடையது.

ஊர்ப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது ஒனொரின் போட்ட நிபந்தனை. தெற்கு பிரான்சில், கடலும் காசும் ஒன்றாகக் கிடக்கிற ஊர்களில் ஒன்று, அவ்வளவு போதும். நான் பல்மீர். அந்தப் பலகைக்கு நேர் எதிரே முப்பத்தெட்டு வருடங்களாகக் கடலைமாவு அடை சுட்டு விற்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் கோடீஸ்வரர்களின் படகுகள் நிற்கும். அவற்றில் பாதி வருடம் முழுக்க ஓர் அங்குலம் நகராது. முன்னால் நாய்க்குட்டிக்கு வெயில் தொப்பி போட்டு அழைத்துப் போகும் சீமாட்டிகள், இரும்புக் குண்டு உருட்டிச் சண்டை போடும் கிழவர்கள், பதித்த கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து என் வண்டியில் முட்டிக்கொள்ளும் வெளியூர்க்காரர்கள்.

ஒனொரின் வேலைக்கு வந்த கதை ஒரு மோதிரத்தில் தொடங்குகிறது. திரைப்பட விழா தொடங்கிய முதல் வருடம், கை பதித்தவர்கள் கழுவிக்கொள்ள நகராட்சி ஒரு குழாய் மட்டும் வைத்திருந்தது. ஒரு நடிகையின் வைர மோதிரம் சோப்போடு வழுக்கிச் சாக்கடைக்குள் போய்விட்டது. பெரிய ரகளை. மறுநாள் முதல் கை கழுவிவிட ஓர் ஆள் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, கணவனை இழந்து குளியலறைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒனொரினைக் கூப்பிட்டார்கள். அவள் வீட்டிலிருந்து ஒரு நீல எனாமல் பேசின், வெந்நீர், ஆலிவ் எண்ணெய் சோப்பு, பாதி எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு மோதிரமும் காணாமல் போகவில்லை.

நடிகர்களைப் பற்றி ஊரே முகத்தை வைத்துப் பேசும். அவள் கையை வைத்துப் பேசுவாள். திரையில் நாற்பது பேரைச் சுட்டுத் தள்ளிய ஒருவனுக்குப் பேசினுக்குள் கை நடுங்கியதாம். எல்லோரையும் சிரிக்க வைக்கிற ஒருவர் நகத்தை ரத்தம் வரக் கடித்து வைத்திருந்தாராம். சொந்தத் துண்டு கொண்டுவரும் நடிகைகளை அவளுக்குப் பிடிக்காது. என் துண்டில் என்ன முள்ளா இருக்கிறது என்பாள். விழா இல்லாத நாட்களில் குளியலறை வேலை, அதோடு காலையில் பலகைகளைத் துலக்குவது. கடற்காகங்களின் எச்சம், ஐஸ்கிரீம், மென்று துப்பிய சூயிங்கம் எல்லாம் நட்சத்திரங்களின் கையில்தான் வந்து சேரும்.

பலகைகளைச் செய்தவர் ஒக்தாவ். மலைப்பக்கத்திலிருந்து வந்த குயவர், நல்ல உயரம், புருவத்தில் எப்போதும் மண். மனைவியை இளவயதிலேயே பறிகொடுத்தவர். அதிகம் பேச வராது. நடிகரின் கையை ஈர மண்ணில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தெருமுனை வரை கேட்கும்படி எண்ணிவிட்டு எடுத்துவிடுவார். இளவரசியாக இருந்தாலும் மூன்றுதான். அதற்கு மேல் எந்த நடிகராலும் சும்மா இருக்க முடியாது என்பது அவர் அனுபவம். இருபத்தொன்பது விழாக்களில் அவர் கைகளைப் பதித்தார், ஒனொரின் கழுவினாள். கடைசி வரை அவளை அவர் 'மதாம் ஒனொரின்' என்றும் 'நீங்கள்' என்றும்தான் கூப்பிட்டார். அவளும் 'முசியே ஒக்தாவ்' என்பதைத் தாண்டவில்லை. இரண்டு பேரும் ஒரு பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்து என் அடையைத் தின்பார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

ஒன்பதாம் வருடம் எலியான் வோக்ளேர் வந்தாள். அப்போது அவளைத் தெரியாதவர்கள் உலகத்தில் கிடையாது. கையைப் பதித்துவிட்டு மறுநாளே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். அடுத்த நாள் சூளையைத் திறந்தால் அவள் கை நடுவில் வெடித்துக் கிடந்தது. பலகையைத் திறந்து வைக்க மந்திரி வரும் தேதி அச்சடித்தாகிவிட்டது. ஒக்தாவ் இரவு முழுக்கத் தூங்காமல் காலையில் ஒனொரினிடம் வந்து நின்றார். அந்த அம்மாள் கையின் அளவு உங்களுக்குத் தெரியுமே, யார் கை அப்படி இருக்கும் என்று கேட்டார். ஒனொரின் தன் கையை நீட்டினாள்.

பட்டறையில் அவர்கள் இருவர்தான். அவர் அழுத்தினார். பதிந்தது. அன்று கழுவிவிட ஆள் இல்லாததால் அவளே கழுவிக்கொண்டு குளியலறை வேலைக்குப் போய்விட்டாள்.

இருவரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். ஒனொரினின் சுண்டுவிரல் கோணல். பதினேழு வயதில் ஒரு ஓட்டல் சலவைக் கூடத்தில், துணி பிழியும் உருளைக்கு இடையில் மாட்டி உடைந்தது. பலகை சுட்டு வந்த பிறகுதான் கவனித்தார்கள். யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒக்தாவ் சொன்னாராம். உலகமே உற்றுப் பார்த்தது. கஸ்பார் என்றொரு சுற்றுலா வழிகாட்டி, வாயைத் திறந்தால் பொய். வோக்ளேர் அம்மாள் படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்து விரலை உடைத்துக்கொண்டு, வலியோடு நடித்து முடித்தாள் என்று குடையைத் தூக்கிப் பிடித்து ஆரம்பித்தான். பத்திரிகையில் வந்துவிட்டது. பிறகு அந்தப் பலகையில் சுண்டுவிரலை வளைத்து வைத்தால் காதல் கைகூடும் என்று எவனோ கிளப்பினான். இப்போது கல்யாணக் கோலத்திலேயே வந்து மண்டியிடுகிறார்கள். ஒனொரின் பக்கத்துப் பலகையைத் துலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். என்னிடம்கூட அவள் முப்பத்தொரு வருடம் மூச்சு விடவில்லை.

இந்த வசந்தத்தில்தான் சொன்னாள். விழாவின் நாற்பதாம் ஆண்டுக்கு எலியான் வோக்ளேர் வருகிறாள், தன் பலகையில் மறுபடி கை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று நகராட்சி சுவரொட்டி ஒட்டியது. ஒனொரின் என் வண்டிக்கு வந்தாள், அடை வேண்டாம் என்றாள். அவளுக்கு எழுபத்தாறு வயது, இதுவரை அடை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது, விழாவுக்கு மட்டும் மரியாதைக்குக் கூப்பிடுகிறார்கள், உன்னை யார் என்ன செய்ய முடியும் என்றேன்.

"என்னை என்ன வேணா பண்ணட்டும்டி," என்றாள். "அந்தப் பலகையைப் பிடுங்கிடுவாங்க. அவர் செஞ்சது அத்தனையும் பித்தலாட்டம்னு பேசுவாங்க. செத்துப் பதினோரு வருஷமாச்சு, வந்து பதில் சொல்லவா போறார்?"

பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவர் என் கையைத் தொட்டது அந்த ஒரு தடவைதான், பல்மீர்."

அவர் வேலைக்காகத் தொட்டாரா, மனசிலிருந்து தொட்டாரா என்பது தனக்குத் தெரியாது என்றாள். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அவள் விடாமல் தினமும் காலையில் அந்தப் பலகையைத் துலக்கும்போது இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்ப்பாளாம், ஒரு நாளைக்கு ஒரு விதமாக. பலகை அங்கே இருக்கிறவரை அப்படி நினைத்துக்கொண்டிருக்கலாம். பெஞ்சின் இரு முனைகளையும் பார்த்து எரிச்சல்பட்ட பாவி நான்.

ஆகவே விழா அன்று காலை என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நாற்பத்தேழாவது பலகையின் மேலேயே நிறுத்தினேன். நகராட்சி அலுவலர் ஓடிவந்தார். அடுப்பு எரிகிறது, நகர்த்தினால் எண்ணெய் உங்கள் காலில்தான் என்றேன். சக்கரம் இறுகிவிட்டது என்றேன். கடைசியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, ஆளுக்கோர் அடை தின்றுவிட்டு, வண்டியை நான்கடி தள்ளி வைத்தார்கள். என்னால் முடிந்தது அவ்வளவுதான். ஒனொரின் நீலப் பேசினை ஏந்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். பேசினில் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது.

எலியான் வோக்ளேர் கைத்தடியோடு, கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். வழியில் நின்று நின்று, பழைய சகாக்களின் கைகளில் தன் கையை வைத்துப் பார்த்தாள். செத்துப்போன ஒருவரின் பலகையில் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்திருந்தாள். நாற்பத்தேழுக்கு வந்ததும் மேயர் ஒரு மெத்தையைப் போட்டார். மண்டியிட்டாள். கையை வைத்தாள். அவள் சுண்டுவிரல் நேராக நின்றது, பள்ளம் கோணலாக விலகிப் போயிற்று. முப்பது புகைப்படக்காரர்கள் குனிந்தார்கள். பேசினில் பாதித் தண்ணீர் என் செருப்பில் கொட்டியது.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலை மெதுவாக வளைத்துப் பள்ளத்துக்குள் வைத்துக்கொண்டாள். இன்னும் வலிக்கிறதா என்று ஒரு நிருபர் கேட்டான். மழை வந்தால் வலிக்கும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கஸ்பார் குடையைத் தூக்கிக் காட்டினான், குதிரையே அவன்தான் வாங்கிக் கொடுத்தது போல.

பிறகு அவள் கை கழுவ வேண்டும் என்றாள். கையில் மண் இல்லை, தூசிகூட இல்லை, அன்று விடிகாலையில்தான் ஒனொரின் துலக்கியிருந்தாள். கூட்டம் மேயரின் பேச்சுக்குத் திரும்ப, அவள் நேராக ஒனொரினிடம் வந்து பேசினுக்குள் கையை விட்டாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

"அன்னிக்கு மோதிரத்துக்கு அடியில இருந்த மண்ணை எலுமிச்சம்பழத்தால தேச்சு எடுத்தது நீங்கதானே?" என்றாள். தண்ணீருக்குள்ளேயே ஒனொரினின் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தாள். "இதுதானா? முப்பத்தொரு வருஷமா போற இடமெல்லாம் விரலை வளைச்சு வச்சுக்கிட்டுதான் கை குடுக்கிறேன். எனக்குக் குதிரைன்னாலே பயம், அம்மா. பக்கத்துலகூட போனதில்ல."

ஒனொரின் தணிந்த குரலில் கெஞ்சினாள். "மன்னிச்சுக்குங்க, மதாம். அவர்மேல தப்பு இல்ல. சூளையில உங்க கை வெடிச்சிடுச்சு, நீங்க கப்பல் ஏறிட்டீங்க. பலகையை மட்டும் எடுக்கச் சொல்லிடாதீங்க."

"எடுக்கச் சொல்றதா இருந்தா இத்தனை வருஷம் நான் எதுக்கு விரலை வளைச்சேன்?" என்றாள் அந்த அம்மாள். கொஞ்சம் சிரித்தாள், பிறகு சிரிப்பை விட்டுவிட்டாள். "ஒண்ணு கேக்கணும். இப்ப வழியில பத்துப் பேர் கையில வச்சுப் பாத்தேன். எல்லாம் தட்டு மாதிரி மேலாகத்தான் பதிஞ்சிருக்கு. உங்களுது மட்டும் கிண்ணம். என் கையை அவர் மூணு எண்ணி விட்டுட்டார். உங்களுக்கு எத்தனை எண்ணினார்?"

ஒனொரின் துண்டை எடுத்து அந்தக் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். வோக்ளேர் அம்மாள் குனிந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு மேயரின் பேச்சைக் கேட்கப் போனாள்.

மழை பெய்தால் அந்த ஒரு பலகையில்தான் தண்ணீர் தேங்கும். சிட்டுக்குருவிகள் மற்ற நூற்றுப் பதினொன்றையும் விட்டுவிட்டு அதில்தான் வந்து குளிக்கும். முப்பத்தொரு வருடம் எதிரில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. தினமும் துலக்கியவளும் யோசிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஒனொரின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், அவளுடைய முனையில். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

"எண்ணவே இல்லடி," என்றாள். "அன்னிக்கு அவர் எண்ணவே இல்ல."

அடுப்பில் அடை இருப்பதை நான் மறந்தே போனேன். கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். அதை இரண்டாகப் பிய்த்து, ஆளுக்குப் பாதி தின்றோம்.