மெனிஃபோல்டுச் சண்டை

போன வாரம் சமையலறை ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் அடிக்கக் கொடுக்கலாமென்று கணபதி ஏரியாவில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அலுமினியச் சட்டத்தை அறுத்து, அதன் ஓரத்தைக் கிரைண்டரில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அரைபடும் அலுமினியத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் தீய்ந்தது போலவும் கொஞ்சம் இனிப்பாகவும் இருக்கும். அது மூக்கில் ஏறியதுமே என் வாயில் ரத்தத்தின் உப்பு ஊறிவிட்டது. நாக்கு தானாகப் போய் மேல்வரிசையில் ஒரு பல்லைத் தடவியது. டாக்டர் கட்டிக்கொடுத்த பல் அது. எனக்குச் சொந்தமாக முளைத்த பல், பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் முன்பு சோளக்காடாக இருந்த ஓரிடத்தில் கிடக்கிறது.

பல் போன கதையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சொத்துத் தகராறா, கட்சிச் சண்டையா என்று கேட்கிறார்கள். காதலா என்று கேட்பவர்கள் என் முகத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள். உண்மையில், இன்ஜினின் இன்டேக் மெனிஃபோல்டைக் குடைந்தால் வண்டி கூடுதலாக ஓடுமா, ஓடாதா என்ற கேள்விக்காகத்தான் அது போயிற்று.

அப்போது நான் துடியலூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டும் பட்டறை. முதலாளிகள் இரண்டு பேர். ரங்கண்ணன் அன்னூர்ப் பக்கம் தோட்டம் துரவுள்ள வீட்டுப் பிள்ளை. ஜெகண்ணன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பம்ப்செட் வார்ப்படக் குடும்பம். பாலிடெக்னிக்கில் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. இருவருக்கும் கோபம் மூக்கு நுனியில் இருந்தாலும் செய்முறை வேறு வேறு. ரங்கண்ணனுக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கும் ஸ்பேனர் பறக்கும். ஜெகண்ணன் எதையும் எறிய மாட்டார். நிதானமாகப் பக்கத்தில் வந்து அடிப்பார். நாங்கள் ஸ்பேனருக்குக் குனியவும், ஜெகண்ணனுக்கு ஓடவும் பழகியிருந்தோம்.

ரோட்டில் ஓடும் நாலு கதவுக் கார் ஒன்றையே பந்தயத்துக்கு மாற்றி வைத்திருந்தோம். அதை ஓட்டியது ரங்கண்ணனின் தங்கை சுமதி. பெண்பிள்ளை ரேஸ் ஓட்டுவதா என்று ஊரில் பேச்சுதான். ஒரு நாள் டீக்கடையில் ஒரு ஆள் சுமதியைப் பற்றி ஏதோ மட்டமாகச் சொல்லிச் சிரித்தான். அண்ணன்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜெகண்ணன் தன் கையிலிருந்த கொதிக்கும் டீயை அவன் மடியில் கொட்டிவிட்டு, "மன்னிச்சுக்குங்க, கை தவறிப்போச்சுங்க" என்றார். எங்கள் ஊரில் அடிக்கும்போதும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள். ரங்கண்ணன் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். தான் செய்ய வேண்டியதை இவன் முந்திச் செய்துவிட்டானாம்.

இப்படிப்பட்ட இருவருக்கும் நடுவில்தான் மெனிஃபோல்டு வந்தது. அது பெரிய சமாசாரமில்லை. கார்பரேட்டரில் கலந்த காற்றையும் பெட்ரோலையும் இன்ஜினுக்குள் கொண்டுபோகும் அலுமினியக் குழாய்க் கூட்டம். அதன் உட்புறத்தைக் கிரைண்டரால் குடைந்து அகலமாக்குவதற்குப் போர்ட்டிங் என்று பேர். ஜெகண்ணனுக்கு அது பக்தி மாதிரி. குழாய்க்குள் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துத்தான் குடைவார். வழி பெரிதானால் மூச்சு பெரிதாகும் என்பது அவர் கட்சி. ரங்கண்ணன் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

"குழாயக் கொடஞ்சு என்றா பண்ணப்போற? உள்ள இன்ஜின் தலையில இருக்கற ஓட்டை சின்னதாவேதான இருக்குது? அகலமாக்குனா காத்து சோம்பேறியாயிரும். மெதுவாப் போறப்ப, கீழ, வண்டி இழுக்காது, சொல்லிப்போட்டேன்!"

"நீ உன்ற தோட்டத்துக்குப் போயி மடை திருப்புடா. காத்தப் பத்தி எனக்குச் சொல்லாத."

ஜெகண்ணன் குடைந்தே விட்டார். சரி, ஓட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மில்காரர் தன் நிலத்தில் போட்டிருந்த தனிப் பாதைக்குப் போனோம். இரண்டு பக்கமும் சோளக்காடு. சுமதி முதலில் பழைய மெனிஃபோல்டில் ஓட்டினார். பிறகு நான் அதைக் கழற்றிவிட்டுக் குடைந்ததை மாட்டினேன். மறுபடி ஓட்டினார். ஸ்டாப்வாட்ச் ரங்கண்ணன் கையில்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் ரங்கண்ணன்.

"பொய் சொல்றான். அமுக்கறதுக்கு வேணும்னே நேரம் பண்றான்" என்றார் ஜெகண்ணன்.

ஸ்டாப்வாட்ச் பறந்து வந்து ஜெகண்ணனின் நெற்றியைக் கிழித்தது. அவர் வழக்கம்போல நிதானமாக நடந்து வந்தார். வரும் வழியில் நான் கழற்றி வைத்திருந்த பழைய மெனிஃபோல்டைக் கையில் எடுத்ததைத்தான் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அடித்த அடியில் ரங்கண்ணனின் காது மேல்பக்கம் பிய்ந்து தொங்கியது. நான் நடுவில் புகுந்தேன். சமாதானத் தூதர்களுக்கு நேர்வதுதான் எனக்கும் நேர்ந்தது. யார் முழங்கை என்று இன்றுவரை தெரியாது. பல் சோளத்துக்குள் போய்விட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தபோது ஜெகண்ணன் கீழே கிடந்தார். மெனிஃபோல்டு ரங்கண்ணன் கைக்கு மாறியிருந்தது. ஜெகண்ணனின் வலது கை பாதையில் விரிந்து கிடந்தது. ரங்கண்ணன் அதன்மேல் ஓங்கிப் போட்டார்.

அந்தச் சத்தம் கொடூரமாக இருந்தது. ஜெகண்ணன் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்தது.

சுமதி ஓடி வந்தார். அண்ணனை ஒரு அறை விட்டார். "ஏறித் தொலைங்க வண்டியில!" என்று கத்தினார். பின் சீட்டில் இரண்டு பேரும், காதைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கையை மடியில் ஏந்திக்கொண்டு ஒருவர். முன்னால் நான், பனியனைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு.

காரில் இருந்தது குடைந்த மெனிஃபோல்டு. திறந்த ரோட்டில் அது பாடியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் கத்திக்கொண்டு சீறியது. பின்னாலிருந்து ஜெகண்ணன், பற்களைக் கடித்துக்கொண்டு, "கேக்குதாடா?" என்றார். ரங்கண்ணன் பிய்ந்த காதை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டார்.

உக்கடம் வந்தது. தேங்காய் லாரியும் டவுன் பஸ்ஸும் அடைத்துக்கொண்டு நின்றன. மெதுவாக ஊர்ந்தபோது வண்டி இருமியது, குலுங்கியது, அணைந்தது. சுமதி ஸ்டார்ட் பண்ணுவார், நாலடி நகரும், மறுபடி அணையும். இப்போது ரங்கண்ணன், சட்டையெல்லாம் ரத்தமாக, "பாத்தியா? கீழ இழுக்குதாடா? இழுக்குதா?" என்றார். ஜெகண்ணன் இடது கையால் அவர் வாயிலேயே குத்தினார்.

சுமதி வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, பின்கதவைத் திறந்தார். கையில் வீல் ஸ்பேனர்.

"மேல நல்லாப் போவுது. கீழ செத்துப்போவுது. ரெண்டு பேர் சொன்னதும் நெசந்தான். ஓட்டறது நானு, சாகறதும் நானு. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களாடா ரெண்டு பேரும்? இன்னொருக்கா கை நீண்டுச்சுன்னா மண்டையப் பொளந்துபோடுவேன்!"

பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அணைந்து அணைந்து ஊர்ந்து ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"எதுல அடிபட்டுது?" என்றார் டாக்டர்.

"மெனிஃபோல்டுலீங்க" என்றேன். பல் இல்லாததால் அது அவருக்கு வேறு ஏதோவாகக் கேட்டிருக்க வேண்டும். பாம்பா என்று கேட்டார்.

காது ஒட்டிக்கொண்டது. ஜெகண்ணனின் விரல்கள் சேர்ந்தன, ஆனால் பழையபடி மடங்கவில்லை. கிரைண்டரைப் பிடித்தால் நழுவியது. முதல் தடவை நழுவியபோது அவர் பட்டறைச் சுவரில் தன் தலையை முட்டிக்கொண்டார். ரங்கண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கிரைண்டரை எடுத்து, புதிதாக ஒரு மெனிஃபோல்டை வைஸ் இடுக்கியில் மாட்டி, "எங்க எடுக்கோணும், சொல்றா" என்றார்.

அந்த ஒரு மாதம் பட்டறையில் கேட்ட கெட்ட வார்த்தைகளை நான் வாழ்க்கையில் வேறெங்கும் கேட்டதில்லை. ஜெகண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கை விரலை விட்டுப் பார்த்துத் திட்டுவார். ரங்கண்ணன் திருப்பித் திட்டிக்கொண்டே குடைவார். இந்த முறை குழாயை அகலமாக்கவில்லை. இன்ஜின் தலையில் இருக்கும் ஓட்டையோடு குழாயின் வாய் தட்டாமல் பொருந்தும்படி விளிம்பை மட்டும் எடுத்தார்கள். தலையின் உட்பக்கத்தையும் சரிசெய்தார்கள். கார்பரேட்டரையும் அதற்கேற்ப மாற்றினார்கள். வண்டி மேலேயும் பாடியது, கீழேயும் இழுத்தது. அந்த வருடம் சுமதி கோப்பை வாங்கினார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். கோப்பை வந்த அன்றே, ஜெயித்தது மெனிஃபோல்டாலா, தலையில் செய்த வேலையாலா என்று ஆரம்பித்தது. கோப்பையே ஆயுதமாகி அதன் ஒரு காது உடைந்தது. பட்டறையை இரண்டாகப் பிரித்தார்கள். பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. நான் ரங்கண்ணனோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது எந்த இன்ஜினைத் திறந்தாலும் மெனிஃபோல்டு பிளாஸ்டிக்கில் இருக்கிறது. கம்பெனியில் வார்த்த வழவழப்பு. கிரைண்டரை வைத்தால் உருகிவிடும். கார்பரேட்டர் போயேபோய்விட்டது. மில்காரரின் பாதையும் சோளக்காடும் வீட்டு மனைகளாகிவிட்டன. சுமதி பேட்டரிக் கார் ஓட்டுகிறார். "சத்தமே இல்லீங்க தம்பி, எதோ சினிமாக் கொட்டாய்ல உக்காந்த மாதிரி இருக்குது" என்கிறார்.

ஜெகண்ணன் போன வருடம் இறந்துபோனார். நெஞ்சுவலி. ரங்கண்ணனை நான்தான் மின்மயானத்துக்கு அழைத்துப் போனேன். ஓரமாகவே நின்றார். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது, ஜெகண்ணனின் உறவுக்காரப் பையன் ஒருவன், நல்ல மரியாதையாகத்தான், "நீங்க ரெண்டு பேரும் எதுக்குங்க சண்டை போட்டீங்க?" என்று கேட்டான். ரங்கண்ணன் நின்றார். காற்று எப்படி உள்ளே போகும், வழி அகலமானால் அதன் வேகம் ஏன் குறையும் என்று கைகளால் குழாய் வரைந்து காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். பையன் தலையாட்டிக்கொண்டே போனைப் பார்த்தான்.

ரங்கண்ணன் அவனை அடிக்கக் கையை ஓங்கினார். நான் பிடிக்கப் போனேன். அவசியமிருக்கவில்லை, கை தானாகவே இறங்கிவிட்டது. பையன் எதையும் பார்க்கவில்லை.

காரில் ஏறிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அவனா இருந்தா இந்நேரத்துக்கு என்னையத் திருப்பி அடிச்சிருப்பான்."