நகர்ந்துபோன சிகரம்

மலையை அளப்பவன் அந்த மலையின் உச்சிக்குப் போகவேண்டியதில்லை. பக்கத்து மலைமேல் நடுங்கிக்கொண்டு நின்றால் போதும். முதல் வேலையில் தகுதிகாண் பருவத்தைக் கடந்துவந்த உங்களுக்கும் அந்த நடுக்கம் தெரிந்திருக்கும். எழுபதுகளின் கடைசியில் இமயமலையை அளக்கும் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். சரியில்லை என்று அதிகாரி கீழே அனுப்பினால் வேலை போச்சு. ஆரணியில் எங்கள் வீட்டு இரண்டாம் தறி, நான் கல்லூரிக்குப் போனதிலிருந்து ஆளில்லாமல் காத்திருந்தது.

சித்திரையில் ஸ்வெட்டர்

கிளம்புமுன் ஸ்வெட்டர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். பட்டுக்கடைகளுக்கு நடுவே ஒரே ஒரு ஜவுளிக்கடையில் இருந்தது. பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார் கடைக்காரர். இன்னும் தடிமனாகக் கிடைக்குமா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஊர்ல சொட்டர் வாங்கறது ஊட்டிக்குப் போற புது ஜோடிங்கதான். நீங்க ஒத்த ஆளா வந்து கேட்டுகினு கீறீங்களே, பொண்ணு வூட்ல ஒத்துக்கலீங்களா?"

மூச்சு

கோணம் அளக்கும் தூரநோக்கியை முக்காலிமேல் நிறுத்திக் கண்ணை வைத்தால், என் மூச்சுப் பட்டே கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொள்ளும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். அந்த உயரத்தில் அது தலைசுற்றலில் முடிந்தது. கருவியைத் தூக்கிவரும் மலைநாட்டு உதவியாளர் என்னைத் தாங்கிப் பிடித்து இந்தியில் சொன்னார்.

"இங்க இருக்கறதே கொஞ்சம் காத்து, சார். அதையும் வேணாங்கறீங்களே!"

சேராத எண்

ஒரு சிகரத்தில் தொடங்கி, சுற்றியுள்ள சிகரங்களையெல்லாம் பார்த்து, தூரநோக்கியை மறுபடி அதே சிகரத்துக்குத் திருப்பினால் முதலில் வந்த கோண எண்ணே வரவேண்டும். எனக்கு வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. சிகரமா நகரும்? வெயில் ஏற ஏற, முக்காலியின் ஒரு கால் பனிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கவனிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

கடைசி எண்ணை மட்டும் மாற்றி எழுதினால் யாருக்கும் தெரியாது. கை வரவில்லை. வந்ததை வந்தபடியே எழுதினேன். கீழே இறங்கத் துணிமணிகளைக் கட்டி வைத்துவிட்டு, அதிகாரியின் கூடாரத்துக்குப் போனேன். அவர் படித்துவிட்டு நிமிரவே இல்லை.

"நாளைக்கு முக்காலிக் காலுக்கடியில கல்லு வெச்சு மறுபடி பாரு. போன வருஷம் வந்தவனுக்கு ஒரு தடவைகூட எண்ணு தப்பல. அதனாலதான் இந்த மலைய ரெண்டாவது தடவை அளக்கறோம்."

அப்பாவின் கவலை

வேலை நிரந்தரமாகி, விடுப்பில் ஆரணி வந்தேன். இரண்டாம் தறியில் போளூர்க்காரர் ஒருவர் நெய்துகொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் முதல் தறியில் இருந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் ஊடை நூல் ஓட்டும் நாடாவை நிறுத்தினார். போளூர்க்காரர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா அளந்துட்டேன்னு எழுதிக் குடுத்ததுக்கா நிரந்தரம் பண்ணாங்க? தெருவெல்லாம் ஆபீசருன்னு சொல்லி வெச்சுகீறேன். இத வெளிய பேசிகினு இருக்காத."

அதற்குப்பிறகு திரும்பி வந்து உட்காரத் தறியும் இல்லாததால், முக்காலியின் காலுக்கடியில் கல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதிலேயே என் உத்தியோகம் முழுக்க ஓடியது.