குடுவையில் புளிக்காத பால்

கென்யாவில் எங்கள் நந்தி மலைப் பக்கம் தப்கிகேனை முன்கோபக்காரி என்பார்கள். மாடு பார்க்கும் கால்நடை உதவியாளர். மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே திட்டத் தொடங்கிவிடுவாள். மாடு இருமினாலும் ஊசி, பால் குறைந்தாலும் ஊசி என்று கடையில் சீசா வாங்கித் தாங்களே போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. இருபது வருடமாகக் கத்துகிறாள். நாங்களும் இருபது வருடமாகச் சிரித்தோம். என் மானம் போனபிறகுதான் எனக்கு அவள் கோபம் புரிந்தது.

என் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். குடுவையில் புளிக்க வைத்த பாலை, முர்சிக்கை, ஊற்றாமல் பேச்சைத் தொடங்க மாட்டோம். சுரைக்குடுவையைக் கழுவி, உள்ளே கரி தேய்த்து, பாலைக் காய்ச்சி ஆற்றி, உறை ஊற்றிப் பத்து நாள் மூடி வைத்திருந்தேன். சபையில் திறந்தால் புளிக்கவே இல்லை. கெட்ட வாடை. மாப்பிள்ளையின் அத்தை ஜெபிவோட் மூக்கைப் பொத்தினாள்.

"குடுவை கழுவத் தெரியாத வீட்லயா பொண்ணு எடுக்கிறது?"

எழுந்து போய்விட்டார்கள். என் கணவர் கிப்சாங் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு தப்கிகேன் வந்தாள்.

"மாட்டுக்கு ஊசி போட்டியா கிப்சாங்?"

"நான் எதுக்குப் போடுறேன்?"

அவள் நம்பவில்லை. இரண்டு குடுவை கேட்டாள். ஒன்றில் பக்கத்து வீட்டுப் பால், இன்னொன்றில் எங்கள் மாட்டுப் பால். இரண்டும் நான் கழுவியவை, ஒரே கரி, ஒரே உறை. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பால் கட்டியாகப் புளித்திருந்தது. எங்களுடையது அப்படியே கிடந்தது.

"மடி வீங்கிச்சு. ரெண்டு நாள் போட்டேன், வத்திருச்சு, விட்டுட்டேன். திரும்ப வீங்கவும் திரும்பப் போட்டேன். இப்ப மூணாவது தடவ" என்றார் கிப்சாங்.

"ஊசி போட்டா ஏழு நாள் பாலக் குடிக்காதேன்னு சீசாவுலயே போட்டிருக்கான். உறைய வைக்கிற கிருமியையும்தான் அது கொல்லுது. பாதியில நிறுத்தி நிறுத்தி, மடியில இருக்கிற கிருமிக்கு மருந்தத் தாங்க நீ பயிற்சி குடுத்திருக்க. நாளைக்கு உன் பொண்ணு படுத்தா எந்த மருந்துய்யா கேக்கும்?"

சபையில் நான் தலைகுனிந்து நின்றபோது இந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாரே.

தப்கிகேன் எங்கள் இருவரையும் இரண்டு குடுவைகளையும் வண்டியில் ஏற்றி நேரே ஜெபிவோட் வீட்டுக்கு ஓட்டினாள். ஒரே கை கழுவிய குடுவைகள், பால்தான் வேறு வேறு மாட்டுடையது என்று தப்கிகேன் சொல்ல, ஜெபிவோட் இரண்டையும் முகர்ந்து பார்த்தாள்.

"அப்ப கோளாறு மாட்டுலயா?"

கிப்சாங் தொண்டையைச் செருமினார். "மாட்டுல இல்ல. குடுவையிலயும் இல்ல. நான் பண்ணினது. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

ஜெபிவோட்டின் கண் சட்டென்று ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. நானும் பார்த்தேன். ஜன்னல் விளிம்பில் அதே மருந்து, பாதி காலியான சீசா. அடுப்பில் அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தது.

தப்கிகேன் வாயைத் திறப்பதற்குள் நான் திட்ட ஆரம்பித்துவிட்டேன்.