மழைக்குப் போர்த்திய துண்டு

செல்லதுரையின் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் வைக்கோல் கட்டும் இயந்திரத்தோடு போய்விட்டன. மிச்சமிருந்த ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நரம்பு அறுந்து தைக்கப்பட்டவை. தினமும் விரித்து மடக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நிமிராது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் பிசைந்தார். அப்புறம் பந்து நாயின் வாயில் இருந்தது.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் சுடர்விழிதான் யுகுலேலே வாங்கி வந்தாள். நான்கு தந்தி, கைக்குழந்தை அளவு உடம்பு. முத்துப்பேட்டைக்கு மேற்கே இருக்கும் அந்தக் கடைமடை ஊர் அதற்குக் குட்டி கிடார் என்று பெயர் வைத்துவிட்டு, சிரிக்க வேண்டிய அளவு சிரித்து முடித்தது. இரண்டு விரலுக்கு எந்த ராகம் சரிப்படும் என்று மகள் போனில் தேடியதில் அகப்பட்டது ரேவதி. அதில் கவும் கிடையாது, தவும் கிடையாது. ச ரி ம ப நி, அவ்வளவுதான். வாத்தியத்தின் கழுத்தில் முதல் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் தொட்டால் ஐந்தும் வந்துவிடும். ச மட்டும் எதையும் தொடாமலேயே வரும். முதல் கட்டத்துக்கு ஆள்காட்டி, மூன்றாவதற்குச் சுண்டுவிரல். இல்லாத விரல்களுக்கு அந்த ராகத்தில் வேலையே இல்லை.

மகள் சென்னைக்குத் திரும்பிய பிறகு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து பழகினார். ரியிலிருந்து மவுக்குப் போகும்போது ஆள்காட்டி அடுத்த தந்தியைத் தேடி அலையும். சுண்டுவிரல் எட்டாமல் ப கரகரக்கும். வலியில் கண்ணில் நீர் வரும். ரேவதியோ சும்மா கேட்டாலே ஒரு மாதிரி இருக்கிற ராகம்.

“இழவு வீடு மாதிரி இருக்கு” என்றாள் அவர் மனைவி அகிலாண்டம். “ஆனா வெரல் நிமிருது. வாசிங்க.”

நிமிரத்தான் செய்தது. டீ டம்ளரைப் பிடித்தார். மாட்டுக் கயிற்றில் முடிச்சுப் போட்டார். வரப்பு வெட்ட மண்வெட்டிக் காம்பும் கைக்குள் அடங்கியது.

அந்த ஆவணியில், தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டதாகச் செய்தியில் வந்தது. வாய்க்காலுக்கு மட்டும் தகவல் தெரியவில்லை. தெளித்த விதைநெல் முளைக்காமல் புழுதியில் கிடந்தது. மழைக்கென்று ஒரு ராகம் இருக்கிறதாமே என்று டீக்கடையில் யாரோ எடுத்துவிட, முன்னாள் வார்டு மெம்பர் நடராசன் ஒரு கூட்டத்தோடு கொட்டகைக்கு வந்து நின்றார். செல்லதுரை தனக்குத் தெரிந்த ஐந்து சுரத்தையும் வாசித்தார். அன்று சாயங்காலம் கொட்டித் தீர்த்தது.

மறுநாள் துண்டு போர்த்தினார்கள். இது அந்த ராகம் இல்லைங்க என்று சொல்லத்தான் அவர் வாய் திறந்தார். அதற்குள் துண்டு தோளில் விழுந்தது. புதுத் துண்டு, நல்ல பச்சை. விரல் போனதிலிருந்து ‘பாவம்’ என்பதைத் தவிர வேறு சொல் கேட்டிராத மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

தை வந்தது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் ஊரே குவித்துவிட்டுக் காத்துக் கிடந்தது. பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஆவணியில் வயலில் முளைக்க மறுத்த நெல், தையில் குவியலில் முளைத்தது. எல்லோரும் கூடி எல்லோர் குவியலையும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். செல்லதுரையின் குவியலுக்கு மட்டும் தார்ப்பாய் பற்றவில்லை.

“இன்னைக்குக் காலையிலயும் வாசிச்சீங்களா?” என்றார் நடராசன்.

“வாசிச்சேன். ஆனா அது ரேவதிங்க. அதுக்கும் மழைக்கும் சம்பந்தமே கெடையாது.”

“துண்டு போத்தினப்ப சொல்லியிருக்கலாமே.”



நெல் எடை போட்டு முடியும்வரை வாத்தியத்தைத் தொடக்கூடாது என்று ஊர் சொன்னது. பிறகு உளுந்து காய வேண்டியிருந்தது. பிறகு நடராசன் வீட்டுக் கல்யாணப் பந்தல். வாசிக்காவிட்டால் அவர் விரல் மடங்கிவிடும் என்று அகிலாண்டம் போய் மன்றாடினாள். ஊர் நல்லதுக்கு ஒருத்தர் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று அவளையே கேட்டார்கள். ஒருநாள் தந்திக்கு அடியில் துணி திணித்து, சத்தம் வெளியே போகாமல் வாசித்துப் பார்த்தார். அன்றைக்கென்று பார்த்துத் தூறல் போட்டது. அதற்குப் பிறகு யாரும் தடுக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெறும் கையை விரித்து மடக்கிப் பார்த்தார். பாட்டில்லாமல் அந்த வலியைத் தாங்க மனம் வரவில்லை. பங்குனியில் டம்ளர் நழுவியது. வைகாசியில் சுண்டுவிரல் உள்ளங்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆள்காட்டியும் துணைக்குப் போனது.

அடுத்த ஆவணியும் புழுதிதான். நடராசன் கூட்டத்தோடு வந்தார். கையில் புதுத் துண்டு. நடந்ததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

செல்லதுரை மறுக்கவில்லை. யுகுலேலேயை மடியில் வைத்து வலது கையால் தந்தியைத் தட்டினார். ச வந்தது. ரிக்காக இடது கையைக் கொண்டுபோனார். மடங்கிய விரல் முட்டிதான் போய் வாத்தியத்தின் கழுத்தில் இடித்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் ச. எத்தனை தடவை தட்டினாலும் அது ஒன்றுதான் வந்தது.

கூட்டம் வானத்தைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

“பிகு பண்றாரு” என்று நடராசன் பின்பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். “இன்னொரு துண்டு எடுத்துட்டு வாங்கப்பா.”