சக்கரம் துடைக்கிற துணி

எங்கள் வீட்டு வாசல் கிரில் கம்பியில் ஒரு பழைய துவாலைத் துண்டு தொங்குகிறது. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்தது. இப்போது அதற்கு நிறமென்று ஒன்று இல்லை. ஈப்போவில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் அதைப் பார்க்கிறவர்கள் கார் துடைக்கிற துணி என்று நினைத்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு வந்த நாத்தனார் அதைக் குப்பையில் போடப் போனார். நான் வாங்கி மறுபடி அதே கம்பியில் மாட்டினேன். அதை விட்டுச் சென்றவரை நான் ஒரே ஒரு பிற்பகல்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர். உடல் ஊனமுற்றவர்கள் எப்படிப் படிக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள், காலையில் எழுந்ததிலிருந்து அவர்களுடைய நாள் எப்படிக் கழிகிறது என்பதையெல்லாம் பேராக் மாநிலம் முழுவதும் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். என் மகள் அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காம்பார் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவள். தோழியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வாடகை வீட்டுக்குத் திரும்பும்போது லோரி இடித்தது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இதை இவ்வளவு சுருக்கமாகத்தான் என்னால் எழுத முடிகிறது. இன்றைக்கும் பெரிய ரோட்டில் லோரி பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அடுத்த படிப்புத் தவணைக்கு மகள் திரும்பி வருகிறாளா என்று காம்பாரில் கேட்டிருந்தார்கள். அவள் போகிறேன் என்றாள். எனக்கு அனுப்ப மனமில்லை. முடியாது என்று சொல்லவும் தைரியமில்லாமல், பார்க்கலாம், பார்க்கலாம் என்றே நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் வருகிறார் என்றதும் எனக்குள் ஒரு நப்பாசை. எத்தனையோ பேரைப் பார்த்தவர், விவரம் தெரிந்தவர். வீட்டிலேயே இருப்பதுதான் நல்லது என்று அவர் வாயால் அவளிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

வாசலில் கார் வந்து நின்றது. நெடுநேரம் யாரும் இறங்கவில்லை. நான் திரையை விலக்கிப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்துத் தன் மடிக்கு மேலாகக் கொண்டுவந்து வெளியே வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு சக்கர நாற்காலியின் சட்டம். உட்கார்ந்தபடியே அவற்றைப் பூட்டி, கையூன்றி, ஒரே தாவலில் நாற்காலிக்கு மாறினார். கூப்பிட வேண்டும், உதவ வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. மாயவித்தை பார்க்கிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பிரேக்கை எப்படி மிதிக்கிறார்? பிற்பாடு காருக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்டீரிங்குக்குக் கீழே கையால் தள்ளுகிற ஒரு கம்பி இருந்தது.

என் கணவர் ஓடிப்போய் அவரையும் தூக்கக் குனிந்தார். மகளைத் தூக்கித் தூக்கி அவருக்கு அது பழக்கமாகியிருந்தது. ஆய்வாளர் சிரித்துவிட்டார்.

“அண்ணே, என்னைய விட்டுருங்க. நாற்காலிய மட்டும் பின்னாலேர்ந்து கொஞ்சம் தள்ளுங்க, படி ஏறிரும்.”

படி ஏறியாயிற்று. நிலைவாசலில் நான் தயங்கினேன். ஹாலில் நேரெதிரே சாமி மேடை. அன்று வெள்ளிக்கிழமை, விளக்கேற்றியிருந்தேன். ரோட்டில் உருண்டு வந்த சக்கரம். என் கண் சக்கரத்துக்குப் போனதை அவர் பார்த்துவிட்டார். பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். ஒரு கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே மறுகையால் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“செருப்பு கழட்டியாச்சுக்கா. உள்ள வரலாமா?”

வரும்போதே அவர் இன்னொன்றையும் பார்த்திருந்தார். வெளியே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், என் மகளின் சக்கர நாற்காலி. அதன்மேல் குடை. அதன் அடியில் என் வேலைக்குப் போகும் செருப்பு. ஆஸ்பத்திரிக் கழிவறைக்கும் ரோட்டுக்கும் போய்வந்தது என்பதால் முதல்நாளிலிருந்தே அதற்கு அங்கேதான் இடம். வெளியே கிளம்பும்போது ஏற்றிக்கொள்வோம், திரும்பி வந்ததும் என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். ஒரு தமிழ் வீட்டில் வெளியே போட்டுக்கொண்டு போனதை வாசலில் விடாமல் வேறென்ன செய்வது? எங்களில் ஒருவருக்கும் அதில் யோசிக்க எதுவும் இருப்பதாகப் படவில்லை.

தண்ணி கலக்கட்டுமா என்று கேட்டேன். “ஒங்க வீட்டு டாய்லட் கதவப் பாத்துட்டுத்தான் சொல்லுவேங்க்கா. நாற்காலி நொழையலன்னா நான் எங்கயும் தேத்தண்ணி குடிக்கிறதில்ல,” என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் மகள் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். அவளும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

பேட்டி தொடங்கியது. மகளிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், பிறகு மறுபடி அவளையே பார்த்தார். “நீங்க சொன்னது ஒங்க பதில்க்கா, அதையும் எடுத்துக்கிறேன். இப்ப தங்கச்சி சொல்லட்டும்.” காலையிலிருந்து ஒரு நாளை அப்படியே சொல்லச் சொன்னார். அப்பா வேலைக்குப் போவதற்குள் ஹாலில் உட்கார வைத்துவிட்டுப் போவார் என்றாள் மகள். அம்மா ஆபீசிலிருந்து மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்வரை அங்கேதான்.

“அதுவரைக்கும் என்ன பண்ணுவ?”

“ஃபேன பாப்பேன். சில நாளு குளிரும். சுவிட்ச் அந்தப் பக்கம் இருக்கு.”

குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் அந்த சுவிட்சைப் பார்த்தேன். சுவரில், நிற்கிறவர்களின் தோள் உயரத்தில், பல வருடங்களாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முன் ஆய்வாளர் என்னிடமும் ஒன்று கேட்டார். நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம் என்று சொல்லியிருந்தேன். அங்கே இப்படி யாராவது இருந்தார்களா? யாருமில்லை என்றேன். அவர் தலையாட்டினார். “எல்லா அம்மாவும் மொதல்ல அப்டித்தான் சொல்லுவாங்க. கொஞ்சம் பொறுத்தா நெனப்புல ஒருத்தர் வருவாரு.”

வந்தார். தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டு மாமா. சிறுவயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பியவர். பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப்பக்கம், மரப்பாலம் தாண்டிப் போக வேண்டும். தாயால் தூக்க முடிந்தவரை தூக்கிப் போனதாகவும், கனத்த பிறகு நின்றுவிட்டதாகவும் சொல்வார்கள். நாங்கள் பள்ளி விட்டு வரும்போது வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். “இன்னிக்கி என்னா பாடம் புள்ள?” என்பார். வாய்ப்பாடு என்றால் ஒப்பிக்கச் சொல்வார், மறுநாள் அதை எங்களுக்கே திருப்பி ஒப்பிப்பார். அது எங்களோடு அவர் விளையாடும் விளையாட்டு என்றே நினைத்திருந்தோம்.

ஆய்வாளர் ஆவலோடு கேட்டுக்கொண்டே போனார். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்து எல்லாரும் பால்மரம் வெட்டக் கிளம்பிய பிறகு மாமா என்ன செய்வார்? பொதுக் குழாய் பள்ளத்தில் இருந்தால் எங்கே குளித்தார்? திடலில் படம் போட்டபோது அவரை யார் கொண்டுபோனார்கள்? தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எங்கே போனார்? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆய்வாளர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த ஆவல் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தோட்டத்து மக்களில் யாரைப் பார்த்தாலும் அந்த மாமாவைப் பற்றி விசாரிக்கிறேன். எல்லாருக்கும் அவருடைய கேள்வி நினைவிருக்கிறது. அவர் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.

மகள் காம்பாருக்குப் போகலாமா என்று கடைசியில் நானே கேட்டுவிட்டேன். அதை நான் சொல்ல முடியாது என்றார் ஆய்வாளர். நிலைவாசலில் சக்கரத்தை நிறுத்தி, வெளியே குடை சுமந்துகொண்டிருந்த மகளின் நாற்காலியைப் பார்த்தார்.

“ஒங்க கால வெளிய உட்டுட்டா அக்கா உள்ள போவீங்க?”

அவ்வளவுதான். மஞ்சள் துணியைக் கிரில் கம்பியில் மாட்டிவிட்டு, “இது இங்க இருக்கட்டும், எங்கிட்ட வேற இருக்கு,” என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நாற்காலியைத் துடைத்து உள்ளே கொண்டுவந்தோம். மகள் ஹாலிலிருந்து அடுப்படிவரை வந்தாள், திரும்பிப் போனாள், மறுபடி வந்தாள். பிறகு அறையில் தோழியோடு போனில் பேசுகிற சத்தம் கேட்டது. நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னிக்கி என்னா லெக்சர்டி?”

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். லோரி சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்திருந்தேன். அவள் அறை வாசலுக்குப் போய், என்றைக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டேன். எங்கே என்றாள். காம்பாருக்கு என்றேன்.

“நான் தெனமும் கொண்டுபோயி உட்டுட்டு கூட்டிட்டு வாரேன்லா,” என்றார் என் கணவர். “வேணாம்ப்பா. ஹாஸ்டல்ல கீழ் ரூம் கேட்டுக்கிறேன். நீங்க அந்தப் படிய மட்டும் சாய்வா பூசிக் குடுங்க,” என்றாள். அவர் படியைப் பூசினார். கேட்காமலே சுவிட்சையும் கீழே இறக்கி வைத்தார்.

அவள் போய்ப் படிக்கிறாள். எனக்குப் பயம் போகவில்லை, போகுமென்றும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள்தான் போய்க் கூட்டிவருவோம். போன வெள்ளிக்கிழமை நல்ல மழை. கணவருக்கு வேலை முடியவில்லை, அவர் வந்ததும் சேர்ந்து காம்பார் போகலாமென்று நானும் ஆபீசிலிருந்து தாமதமாகத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன். அவள் போனை எடுக்கவில்லை. வழியெல்லாம் என் மனம் எங்கெங்கோ போய்வந்தது. வீட்டு வாசலில் இறங்கியபோது வழக்கம்போல் என் கை முதலில் கிரில் கம்பிக்குப் போனது.

துணி நனைந்திருந்தது. பிழிந்து, மடித்து மாட்டியிருந்தது. மடிப்புகளில், காம்பாரில் ஈயம் தோண்டிய குட்டைகளின் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. ரயிலேறித் தனியாக வந்திருக்கிறாள்.

செருப்பைக் கழற்றினேன். உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.