ஞானஸ்நானம் பெறாத தம்பி

இன்று அலுமாரியில் கிடந்த மெழுகுதிரியின் வாசனை, கல்முனையில் எங்கள் வேலிக்கு அப்பால் இருந்த என் சிநேகிதி ரீற்றாவின் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனது; அந்த வீடு பின்பு கலவரத்தில் எரிந்துபோனது. அவளுடைய தம்பி ஞானஸ்நானம் பெறும் முன்பே, பிறந்த நாலாம் நாள் இறந்துபோனான். ஆதாமின் பாவம் கழுவப்படாமலே போய்விட்டானே என்று அவளுடைய அம்மா மெழுகுதிரி வெளிச்சத்தில் வெறும் தொட்டிலை ஆட்டியபடி அழுதுகொண்டிருந்தார்.

அப்போது ஒன்பது வயதான நான் குர்ஆன் ஓதப்பள்ளியில் கேட்டதைச் சொன்னேன்.

"மாமி, ஆதம் நபி அழுது கேட்டதும் அல்லாஹ் மன்னிச்சிட்டான். பிறக்கிற புள்ளைகளுக்குப் பாவமே இல்லை எண்டு எங்களுக்கு ஓதித்தாற லெவ்வை சொன்னவர்."

"அது உங்கட வேதம்," என்றாள் ரீற்றா கோபமாக.

தொட்டில் நின்றது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லு மகள். பங்குச் சுவாமியிட்ட மட்டும் சொல்லிப்போடாத."