இருபுறமும் காலை

டர்ப்பன்டைன் வாடை. பாதியில் நான் விட்டோடிய ஓவியப் பள்ளியின் அதே வாடை. பாறசாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் என்னை அது எதிரே இருக்கும் பழைய சர்ச்சுக்குள் இழுக்கிறது.

உள்ளே பீடத்தின் பின்சுவரில் ஸ்டீபன் என்ற பெயிண்டர் ஒரு நீளமான தூண் மண்டபத்தை வரைந்துகொண்டிருக்கிறார். சுவரின் நடுவே ஓர் ஆணி. அதில் நூல் கட்டி இழுத்த கோடுகளெல்லாம் அங்கேயே போய்ச் சேருகின்றன. விட்டால் மண்டபத்துக்குள் நடந்தே கொல்லைப்புறத்துக்குப் போய்விடலாம், அத்தனை ஆழம். வெளிச்சம்தான் அதிசயம். மண்டபத்தின் இடது சன்னலிலும் காலை, வலது சன்னலிலும் காலை. ஒரு தூணுக்கும் நிழல் கிடையாது.

"உங்க ஊர்ல சூரியன் ரெண்டா அண்ணே?"

"சர்ச்சுக்கு ரெண்டு பக்க சன்னலும் ரெண்டு குடும்பம் குடுத்ததாக்கும், சாரே. படத்துல ஒரு பக்கம் இருட்டினா, அந்தப் பக்கத்துக்காரவிய வேற சபைக்குப் போயிருவாவ. ஃபேனு எங்க மாட்டணும்னு சண்டை போட்டே பாதிப்பேரு போயாச்சு. நானும் மூணு வாட்டி நிழல் போட்டேன். மூணு வாட்டியும் அழிக்கச் சொன்னாவ."

"அப்போ படத்துல உங்க பேரு?"

"நிழலே இல்லாத இதுல எப்படிப் போடுவேன்?" தூரிகையைத் துடைக்கிறார்.

வெளியே என் பஸ் ஹாரன் அடிக்கிறது. வாசல்வரை ஓடியவன் திரும்பிக் கேட்கிறேன்: "கோடெல்லாம் முடிஞ்சாச்சே, அந்த ஆணியைப் பிடுங்கலையா?"

"பிடுங்கமாட்டேன், சாரே. அதுக்கு நிழல் உண்டு. ஒரே பக்கம் ஆக்கும்."